மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தவர்

காலை பதினொன்று இருபத்திரண்டுக்குச் செய்தி வந்தது. கண்டமனூர்ப் பக்கம் ஒரு காற்றாலையின் உச்சியில், இயந்திர அறைக்குள் குனிந்து போல்ட்டுகளை முறுக்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு போல்ட்டுக்கும் எதிரே முறுக்கிய நேரத்தை எழுத வேண்டும் என்பது எங்கள் வேலையில் விதி. அதற்காகக் கடிகாரத்தைப் பார்த்தபோதுதான் இடுப்பில் இருந்த வாக்கி-டாக்கி கரகரத்தது. கீழே காவலுக்கு இருக்கும் கருப்பையா பேசினான்.

"அண்ணே, ஆசுபத்திரியில இருந்து ஆள் வந்துருக்காக. எறங்கி வாங்க."

"காய்ச்ச திரும்பிருச்சா?"

"எறங்கி வாங்கண்ணே," என்றான் மறுபடியும்.

இன்னும் இரண்டு போல்ட்டுகள் மிச்சம் இருந்தன. பாதி முறுக்கியதை அப்படியே விட்டுவிட்டு வரக்கூடாது. இரண்டையும் முறுக்கினேன். நேரம் எழுதினேன். ஸ்பேனர்களைப் பையில் போட்டுக் கட்டினேன். ஏணியில் இறங்கினேன். தரையில் கால் வைத்ததும் கருப்பையா என் முகத்தைப் பார்க்காமல் என் பாதுகாப்பு பெல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தான். அந்த இரண்டு போல்ட்டுகளை நான் முறுக்கிவிட்டு வந்ததை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

இந்த இதழின் ஆசிரியர் பாண்டிச்செல்வி இறந்துபோனார். முப்பத்தொரு வயது. டெங்கு. கடைசிப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் 'வடிவமைப்பு: கதிரேசன்' என்று ஒரு பெயர் ஐந்து வருடமாக வருகிறதே, அது நான்தான். அவருடைய கணவன். டிப்ளமோ படித்தவன். பக்கங்களைக் கணினியில் அடுக்குவதோடு என் வேலை முடிந்துவிடும். இதுவரை இதில் ஒரு வரிகூட எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன் என்றால், அவரைப் பற்றி எழுத வேறு பலர் வரிசையில் நிற்பதால்தான். அவர்கள் எழுதி அனுப்பியவற்றைப் படித்தேன். அவற்றில் அவர் இல்லை.

அவரை அறியாதவர்களுக்காக முதலில் இதழைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இது தொண்டு நிறுவனங்களுக்கான மாத இதழ். எந்த நிதிக்கு எந்த மாதம் விண்ணப்பிக்கலாம், வெளிநாட்டு நன்கொடை விதியில் என்ன மாறியிருக்கிறது, எங்கே களப்பணியாளர் தேவை, திட்ட அறிக்கை எப்படி எழுதுவது — இப்படித் தொழில் செய்திகள். ஜவுளிக்காரர்களுக்கும் கோழிப்பண்ணைக்காரர்களுக்கும் இதழ் இருப்பது போல, நல்லது செய்வதைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு ஓர் இதழ். தேனியில் இருந்து தொடங்கி ஐந்தாறு மாவட்டங்களுக்குப் போனது. இருபத்தாறு பக்கங்கள் அவர்களுக்கு வேண்டியவை. நடுவில் இரண்டு பக்கம் மட்டும் அவர்களுக்கு வேண்டாதது. அந்த இரண்டு பக்கத்துக்கு 'மூணு மாசம் கழிச்சு' என்று பெயர் வைத்திருந்தார்.

அந்தப் பகுதிக்கு ஒரே ஒரு வேலைமுறைதான். ஏதாவது ஒரு நிறுவனம் விழா எடுத்து ஏதாவது ஒன்றை யாருக்காவது கொடுக்கும். பாண்டிச்செல்வி விழாவுக்குப் போகமாட்டார். அழைப்பிதழை நாட்காட்டியில் குத்திவைப்பார். மூன்று மாதம் கழித்து, யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி அந்த ஊருக்குப் போவார். கொடுத்த பொருள் எங்கே என்று கேட்பார். பார்த்ததை எழுதுவார். கூடவே ஒரே ஒரு புகைப்படம், அந்தப் பொருளுடையது. வாங்கிய மனிதரின் முகத்தை அவர் ஒருநாளும் அச்சிட்டதில்லை.

முகம் கூடாது என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. படிப்பை முடித்ததும் அவர் ஆண்டிபட்டியில் ஒரு நிறுவனத்தில் அறிக்கை தட்டச்சு செய்யும் வேலைக்குப் போனார். அங்கே முதியவர்களுக்குச் சட்டை கொடுக்கும் விழா. ஒரு பெரியவர், மேடை ஏறப் போகிறோமே என்று, துவைத்து மடித்துவைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். புகைப்படக்காரர் அவரை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஐயா, கிழிஞ்சது ஒண்ணு வீட்ல இருக்குமில்ல, அதப் போட்டு வாங்க. படத்துல அப்பத்தேன் எடுப்பா இருக்கும்."

பெரியவர் வெயிலில் வீட்டுக்கு நடந்து போய், சட்டை மாற்றிக்கொண்டு, திரும்ப நடந்து வந்தார். பாண்டிச்செல்வி அந்தப் படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் வாசகம் தட்டினார். அன்று மாலையே வேலையை விட்டார். "அந்தத் தாத்தா திரும்பி வரும்போது வேகமா வந்தாக. எங்க தனக்குக் கெடைக்காமப் போயிருமோன்னு. அத நெனச்சாத்தேன் இப்பவும் வாந்தி வருது," என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். பல தடவை சொல்லியிருக்கிறார்.

இதழைத் தொடங்கிய புதிதில்தான் சுனாமி வந்தது. நிதியும் வந்தது. கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் எத்தனையோ ஊர்கள். ஆனாலும் மலையடிவாரத்தில் ஒரு நிறுவனம் 'சுனாமி மறுவாழ்வுத் திட்டம்' என்று பலகை வைத்தது. இவர் அங்கே தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் அவ்வளவு பணிவு.

"சார், உங்க ஊர்ல அலை எத்தன மணிக்கு வந்துச்சு? செய்தி போடணும்."

"இல்லம்மா, இது வந்து மறைமுகமா பாதிக்கப்பட்டவுகளுக்கு..."

"ஓ, வைகை அணையில வந்த அலையா? சரி சார், அப்படியே போட்டுர்றேன்."

போட்டார். பலகை இறங்கியது. அந்த நிறுவனம் சந்தாவை மட்டும் நிறுத்தவில்லை. யாருமே நிறுத்தமாட்டார்கள். அடுத்தவனைப் பற்றி என்ன வந்திருக்கிறது என்று பார்க்க எல்லாருக்கும் ஆசை. முதலில் நடுப்பக்கத்தைத்தான் பிரிப்பார்கள் என்று தபால்காரருக்குக்கூடத் தெரியும்.

நான் அவரைச் சந்தித்ததும் அப்படி ஒரு மூன்றாவது மாதத்தில்தான். சூரிய விளக்குகள் மாட்டும் கம்பெனி ஒன்றில் அப்போது நான் மெக்கானிக். வருசநாட்டுக்கு மேலே ஒரு குடியிருப்பில் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக விளக்குகள் மாட்டியிருந்தேன். பக்கத்து ஊரில் வேறு வேலைக்குப் போன இடத்தில், கையில் நோட்டுடன் ஒரு பெண் வழியை மறித்தார்.

"நீங்கதேன் மேலக் குடியிருப்புல வெளக்கு மாட்டுன ஆளா?"

"ஆமா."

"எந்தக் காலேஜு? எரியாத வெளக்க மாட்டுறதுக்குன்னு தனிப் பாடம் வச்சிருக்காகளா?"

கோபம் வந்துவிட்டது. போய்ப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருந்த பேட்டரி நான் வைத்ததே இல்லை. வயிறு வீங்கிய ஒரு பழைய பேட்டரி. அடுத்த வீட்டிலும் அப்படி. எல்லா வீட்டிலும் அப்படி. புதிய பேட்டரிகளை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். யார் என்று அந்தக் குடியிருப்பில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. 'சர்வீஸ் பண்ண' என்று அந்தத் தொண்டு நிறுவனத்தின் ஜீப்பிலேயே வந்து கழற்றியிருக்கிறார்கள்.

"இது நான் வச்சது இல்லங்க," என்றேன்.

"வாயில சொல்லாதீக. எழுதித் தருவீகளா?"

எழுதிக் கொடுத்தேன். கட்டுரை வந்தது. எனக்கு வேலை போனது. இதழ் ஒன்றை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தார். என் அப்பா இருக்கும்போதே, "உங்க வேலையக் கெடுத்துப்புட்டேன். எங்கிட்ட ஒரு வேல இருக்கு. சம்பளம் கெடையாது," என்றார். இரண்டு வருடம் கழித்துக் கல்யாணம் செய்துகொண்டோம். நான் காற்றாலைக்கு வேலைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கம் அடுக்கினேன். சம்பளம் கடைசிவரை கிடையாது.

அவர் மனிதர்களை வெறுத்தவர் அல்ல. அப்படி ஒரு பேச்சு தொண்டு நிறுவன வட்டாரத்தில் உண்டு. நன்றாக வேலை செய்யும் இடங்களும் இருந்தன. சின்னமனூர்ப் பக்கம் காதுகேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தும் ஓர் அம்மாவைப் பார்க்கப் போய்விட்டு, வீட்டுக்கு வந்து அழுதார். "மூணு மாசம் கழிச்சுப் போனேன். அந்தம்மா எனக்கு எதையும் காட்டல. வேல இருக்கு, அப்புறம் வான்னு வெரட்டி விட்ருச்சு," என்று சந்தோசத்தில் அழுதார். அந்த மாதம் நடுப்பக்கத்தில் அந்தப் பள்ளியின் மூடிய கேட்டின் படம் வந்தது.

இனி அவருடைய கடைசிக் கட்டுரை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த வருடம் கோடையில், வருசநாட்டு மலைச்சரிவில் உள்ள ஒரு குடியிருப்பில் பதினொரு கழிப்பறைகள் திறக்கப்பட்டன. கட்டியது மாவட்டத்திலேயே பெரிய நிறுவனம். அதன் செயலாளர்தான் தொண்டு நிறுவனங்களின் கூட்டமைப்புக்கும் தலைவர். எங்கள் இதழின் முதல் விளம்பரம் அவர் கொடுத்தது. முதல் இதழை வெளியிட்டவரும் அவர்தான். அவர்களுடைய ஆண்டறிக்கையில் பதினொரு கழிப்பறைகளும் பதினொரு படங்களாக வந்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு நீலக் கதவு. கதவில் நன்கொடையாளரின் பெயர்.

மூன்று மாதம் கழித்துப் போனார். ஒரு கழிப்பறைக்கும் கதவு இல்லை. நிலைச் சட்டத்தில் கீல் அடித்த துளைகள் மட்டும் இருந்தன. அங்கே பேச்சியம்மா என்கிற பெண் அவருக்குக் கஞ்சி கொடுத்து விவரம் சொல்லியிருக்கிறார். கூலி வேலைக்குப் போகிறவர், நடுத்தர வயது. பாண்டிச்செல்வியின் நோட்டில் அவர் பேசியது அப்படியே இருக்கிறது:

"ஒரே கதவுதேம்மா. மொதக் கக்கூசுல மாட்டுனாக, படம் புடிச்சாக. கழத்துனாக. எங்க வீட்டுக்காரகளத்தேன் தூக்கச் சொன்னாக. அடுத்ததுல மாட்டுனாக, படம் புடிச்சாக. அளவு பாக்குறாகன்னு நெனச்சோம். எல்லாக் கதவும் இனிமேத்தேன் வரும் போலன்னு, நாங்களே தூக்கித் தூக்கிக் குடுத்தோம். கடைசியில ஜீப்புல ஏத்திட்டுப் போயிட்டாக."

வீட்டுக்கு வந்து ஆண்டறிக்கையை என் முன்னால் போட்டார். நான் படங்களை ஸ்கேன் செய்து பெரிதாக்கினேன். பதினொரு கதவுகளிலும் இடது பக்கம் கீழ் மூலையில் ஒரே நசுங்கல். நன்கொடையாளர் பெயரின் கடைசி எழுத்தில் ஒரே பெயிண்ட் வழிசல். பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தோம். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்த மனுசங்களையே தூக்க வச்சிருக்கான் பாருங்க," என்றார்.

கட்டுரையை முடித்த மறுநாள் காய்ச்சல். இரண்டாம் நாள் மருத்துவமனை. நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. எழுந்து உட்கார்ந்தார். இட்லி கேட்டார்.

"காய்ச்ச விட்ருச்சுல்ல. இங்கன உக்காந்து என் மூஞ்சியப் பாத்துட்டு இருக்காம வேலைக்குப் போங்க. சாயந்தரம் வரும்போது அந்தப் பக்கத்தப் பிரிண்ட் எடுத்துட்டு வாங்க, ஒரு தடவ பிழை பாத்துர்றேன்."

அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. அந்தக் காய்ச்சலில், சூடு இறங்கும் நாள்தான் கவனிக்க வேண்டிய நாள் என்று பிறகு ஒரு மருத்துவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். நானும் பொறுமையாகக் கேட்டேன். இயந்திரங்களிலும் அப்படி உண்டு. சத்தம் நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடக்கத்துக்கு எல்லா நிறுவனங்களும் வந்தன. யாரைப் பற்றியெல்லாம் அவர் எழுதினாரோ அவர்கள் அத்தனை பேரும். எங்கள் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். நடுவில் அவர் முகம். சுற்றிலும் முத்திரைகள், விளம்பரப் பக்கம் போல. அந்தப் புகைப்படத்தை எங்கிருந்து எடுத்தார்கள் என்று தெரியவில்லை. வீட்டில்கூட அப்படி ஒரு படம் கிடையாது.

செயலாளர் மலர்வளையம் வைத்தார். அவரோடு வந்த புகைப்படக்காரர் கேமராவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், ஃபிளாஷ் அடிக்கல. இன்னொரு தடவ வைங்க," என்றார். செயலாளர் வளையத்தை எடுத்தார். திரும்ப வைத்தார். "கொஞ்சம் லெஃப்ட்ல சார், முகம் மறையுது." மூன்றாவது தடவையும் எடுத்தார்.

எங்கள் கல்யாணத்தில் புகைப்படக்காரர் மாலையை இன்னொரு தடவை மாற்றச் சொன்னபோது, "அண்ணே, எனக்கு ஒரு கல்யாணந்தேன். புடிச்சதப் புடிச்சுக்கங்க," என்று சொன்னவர், அங்கே படுத்திருந்தார். நான் ஒன்றும் செய்யவில்லை. என் மாமியார்தான் எழுந்து வந்தார்.

"ஏலே, எம் மகள என்னலே பண்றீக? வச்சா வைங்க, இல்லாட்டி எடுத்துட்டுப் போங்க! அவ என்ன சாமான் வாங்குன பயனாளியா?"

செயலாளர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னார். அதையும் படம் எடுத்தார்கள்.

ஐந்தாம் நாள் செயலாளர் தனியாக வீட்டுக்கு வந்தார். காபி வேண்டாம் என்றார். என் தோளில் கைவைத்துக்கொண்டே பேசினார்.

"தம்பி, இது நம்ம செக்டருக்கே இழப்பு. நினைவு மலர் ஒண்ணு கொண்டு வருவோம். முழுக்க கலர். கூட்டமைப்பு பாத்துக்கும். அம்மா பேர்ல வருசா வருசம் ஒரு விருது. அப்புறம் பத்திரிகைய நீங்க தனியா தூக்கிச் சுமக்க வேணாம், நாங்களே எடுத்து நடத்திக்கிறோம்."

"சரிங்க சார்."

"நடுப்பக்கத்துல என்னமோ பாதியில எழுதி வச்சிருந்தாகளாமே. அது வேணாம் தம்பி. செத்தவுக பேர்ல எதுக்கு ஒரு சண்ட? அவுக ஆத்மா நிம்மதியா இருக்கணும்."

"பாதியில இல்ல சார். முடிச்சுட்டாக."

அவர் கை என் தோளில் இருந்து எழுந்தது.

மறுநாள் அச்சக அண்ணாச்சியும் வந்தார். ஆரம்பத்தில் இருந்து எங்கள் இதழை அச்சடிப்பவர். அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையை, அந்தப் பதினொரு கதவுகளையும், அச்சடித்தவரும் அவர்தான். "தம்பி, நான் ஒண்ணும் சொல்லல. எங்கிட்ட நாலு பேரு வேல பாக்குறாக. அவுக ஆர்டர் போச்சுன்னா மெஷின மூட வேண்டியதுதேன். யோசிச்சுச் செய்யுங்க," என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவர் போன பிறகு கணினியைத் திறந்து அந்த இரண்டு பக்கத்தையும் எடுத்துவிட்டேன். ஆமாம், எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் வேறு எதை வைப்பது என்று தெரியாமல் வெள்ளையாக விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். எதற்கும் எதிர்த்துப் பேசும் தெம்பு என்னிடம் இல்லை.

எட்டாம் நாள் பேச்சியம்மா வந்தார். இரண்டு பஸ் மாறி, வழி கேட்டுக் கேட்டு. நான் அவரை அதற்கு முன் பார்த்ததில்லை. வாசலிலேயே நின்றார்.

"நோட்டுப் புள்ள வீடு இதுதேனா?"

உள்ளே வந்து என் மாமியாரைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும் என் பக்கம் திரும்பினார். சொல்லத் தயங்கினார்.

"தம்பி, ஆபீசுல இருந்து ஆளு வந்தாக. அந்தப் புள்ள எழுதுனது புத்தகத்துல வரலேன்னா பதினோரு கதவும் தந்துர்றோம்னாக. வந்துச்சுன்னா இந்த ஊருப் பக்கமே யாரும் எட்டிப் பாக்க மாட்டாகளாம். அதச் சொல்லத்தேன் ஊருல என்னைய அனுப்புனாக."

"நீங்க என்ன சொல்றீக?"

"நான் என்னத்தச் சொல்ல? வயசுப் புள்ளைக இருக்கு. கதவு வந்தா நல்லதுதேன். அந்தப் புள்ளையும் போயிருச்சு." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஆனா நம்பலாமா தம்பி?"

அந்தக் கேள்வியில்தான் எட்டு நாளில் முதல் தடவையாக எனக்குத் தலை வேலை செய்தது. என்ன செய்ய வேண்டும் என்று யோசிக்கவில்லை. பாண்டிச்செல்வி என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான். செயலாளருக்குப் போன் போட்டேன். பேச்சியம்மாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன்.

"சார், கதவு தர்றதா சொன்னீகளாம்."

"ஆமா தம்பி. அம்மா ஞாபகமா. மனிதாபிமான அடிப்படையில."

"சந்தோசம் சார். பதினோரு கதவு, இன்ன மாசம் மாட்டித் தர்றோம்னு உங்க லெட்டர் பேடுல எழுதிக் குடுத்துருங்க. அந்தப் பக்கத்த நான் போடல."

உண்மையாகத்தான் சொன்னேன். கடிதம் வந்திருந்தால் போட்டிருக்க மாட்டேன். பேச்சியம்மாவின் வீட்டுப் பெண்களுக்குக் கதவு கிடைக்குமென்றால், கட்டுரை என் பெட்டிக்குள் கிடக்கட்டும். பாண்டிச்செல்வி என்னை மன்னிப்பாரா என்று தெரியாது. ஆனாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

"நம்பிக்க இல்லையா தம்பி?"

"எழுதுங்க சார். ஒரு வரி."

"அதெப்படி தம்பி?" அவர் குரலில் உண்மையான சங்கடம் இருந்தது. "ஏற்கெனவே கதவு மாட்டியாச்சுன்னு ரிப்போர்ட் போயிருச்சே. இப்பத் தர்றோம்னு லெட்டர் குடுத்தா, அப்பத் தரலன்னு ஆயிராதா? ஆடிட்ல நிக்காது. கதவு மாட்டுறதுக்கே இனிமே எங்களுக்கு வழி இல்ல. வேற ஏதாச்சும் திட்டத்துல பாத்து, மெதுவா..."

வாழ்க்கை முழுக்க அறிக்கை எழுதியே வளர்ந்த மனிதர். ஒரு வரி எழுத முடியவில்லை. போனை வைத்தேன். பேச்சியம்மா சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப வராது," என்றார். "எப்பவும் வராது. வந்தா அவுகளுக்குத்தேன் வம்பு."

"ஆமா."

"அப்பப் போடுங்க தம்பி. அந்தப் புள்ள எம் பேர எழுத வேணாம்னு விட்ருச்சு. வம்பு வந்துருமாம். எம் பேரயும் சேத்துப் போடுங்க. பேச்சியம்மா. கஞ்சி குடுத்தவ."

அன்றே அச்சகத்துக்குப் போனேன். நடந்ததை அண்ணாச்சியிடம் சொன்னேன். வேறு ஊரில் அடித்துக்கொள்கிறேன், கோபம் வேண்டாம் என்றேன். அவர் அந்த இரண்டு பக்கத்தையும் வாங்கி நின்றபடியே படித்தார். படித்துவிட்டு அலமாரியில் இருந்து அந்த ஆண்டறிக்கையை எடுத்து, பதினொரு படங்களையும் ஒவ்வொன்றாகக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"நாந்தேன் கலர் சரி பண்ணேன்," என்றார். "நீலம் நல்லா எடுக்கணும்னு கேட்டாக. ஒரே கதவுன்னு எனக்குத் தோணல பாருங்க."

ஆண்டறிக்கையை மூடி வைத்தார். பிறகு, "படம் எங்க?" என்று கேட்டார். "நடுப்பக்கத்துல எப்பவும் ஒரு படம் இருக்குமே."

படம் இல்லை. அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டதால் பாண்டிச்செல்வி எடுக்காமல் வந்துவிட்டார். இன்னொரு நாள் போகலாம் என்றிருந்தார்.

அதனால் நேற்று நான் போனேன். பேச்சியம்மா வழிகாட்டினார். குடியிருப்பின் மேற்கே, சரிவில், ஒரே வரிசையில் பதினொரு கழிப்பறைகள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு பழைய சேலை. சிவப்பு, மஞ்சள், பூப்போட்டது, சாயம் போனது. மலையில் இருந்து காற்று இறங்கியதும் பதினொன்றும் ஒன்றாக உப்பி மேலே எழுந்தன. காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று கணிப்பது என் வேலை. இங்கே அதைப் பெண்கள் கணிக்கிறார்கள்.

கேமராவைத் தூக்கினேன். மூன்றாவது சேலைக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். நிறுத்தி, திரும்ப இருமினார்கள். எனக்கு முதலில் விளங்கவில்லை.

"ஆளு இருக்கு தம்பி," என்றார் பேச்சியம்மா. "உள்ள இருக்குறவுக இருமிக்கிட்டே இருக்கணும். இல்லாட்டி யாராச்சும் சேலைய வெலக்கிருவாக."

கேமராவைக் கீழே இறக்கி, மறுபக்கம் திரும்பி நின்றேன். இருமல் கேட்டுக்கொண்டே இருந்தது. சின்னப் பெண்ணின் இருமல். நோயால் வருவது அல்ல, தொண்டையில் இருந்து வரவழைத்துக்கொள்வது. விட்டுவிட்டு, விட்டுவிட்டு. அது நின்று, காலடிச் சத்தம் வீடுகள் பக்கம் போய் மறையும்வரை நின்றேன். மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

பிறகு ஒரே ஒரு படம் எடுத்தேன். யார் முகமும் இல்லை. பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது. கட்டுரையில் பேச்சியம்மாவின் பெயரைச் சேர்த்ததைத் தவிர ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. பிழை பார்க்கத்தான் ஆள் இல்லை. பிழை இருந்தால் அது என்னுடையது.

அண்ணாச்சி இன்று ராத்திரிக்குள் அடித்துவிடுவார். வேண்டாம் என்று சொல்லியும் தன் அச்சகத்தின் பெயரைக் கடைசிப் பக்கத்தில் வழக்கத்தைவிடப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார். இதழ் இத்துடன் நிற்கிறது. கூட்டமைப்புக்கோ வேறு யாருக்குமோ இதை எழுதிக் கொடுக்கமாட்டேன். விருது, மலர், கூட்டம் எதற்கும் என் சம்மதம் இல்லை. அந்த ஃப்ளெக்ஸை இன்று காலை நானே அறுத்து இறக்கினேன்.

செல்வி, சாயந்தரம் பிரிண்ட் எடுத்து வரச் சொன்னாய். எடுத்துவிட்டேன். மேசை மேல் இருக்கிறது. இனி உன்னை யாரும் படம் எடுக்கமாட்டார்கள். நிம்மதியாகப் போய் வா.

காலையில் இருந்து செயலாளர் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். போனை அணைத்துவிட்டேன்.